புல்லும் ஆடும் ஓநாயும்

'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்பது நம் பழமொழி. ஓநாய்க்கு ஆட்டின் மீது இரக்கம் கிடையாது என்பதில் ஐயமில்லை. பட்டியில் ஒரு சினை ஆட்டைப் பறிகொடுத்தவரிடம் ஓநாயைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் அவருக்குக் கோபம் வருவதும் இயற்கையே. ஆயினும், ஓநாய் அடியோடு ஒழிந்துவிட்டால் ஆடு வளர்ப்போருக்கு நன்மைதானா என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு வரும் உழவர்களுள் சிலர் எங்களிடம் இக்கேள்வியைக் கேட்பதுண்டு.

நம் மாநிலத்தில் ஓநாய் இன்று மிக அரிது. எனவே இதற்கு விடை காண, ஓநாயும் செம்மறியாடும் இன்றும் ஒரே நிலத்தில் வாழும் தக்காணப் பீடபூமிக்குச் செல்ல வேண்டும். மராட்டிய மாநிலத்தின் புனே, சாத்தாரா, சோலாப்பூர், சாங்லி மாவட்டங்களிலும், கர்நாடகத்தின் பெலகாவி, கொப்பள் மாவட்டங்களிலும் உள்ள மேய்ப்பர்கள் ஓநாயைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். அவர்களும் நம் ஊர்க் கீதாரிகளைப் போலவே உழவர் நிலங்களில் கிடை போட்டு எருவூட்டுகிறவர்கள். ஆகவே அவர்களுடைய அனுபவத்தில் நமக்கும் பாடம் உண்டு.

தரிசு அல்ல, புல்வெளி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கத்தில் பருவமழை கொட்டுகிறது. கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதியாகும். அங்கே மேல்மண் ஆழம் குறைவு. பாறையும் சரளையும் மிகுதி. இத்தகைய நிலத்தில் அடர்ந்த காடு வளராது. ஆனால் புல் நன்றாக வளரும். மழை பெய்த சில நாட்களில் தளிர்த்து, இரண்டு மூன்று மாதங்களில் விதை சிந்தி, பிறகு காய்ந்து நிற்கும். வெளியூரார் கோடைக்காலத்தில் அதைப் பார்த்தால், 'ஒன்றுக்கும் உதவாத கட்டாந்தரை' என்றே சொல்வர்.

அரசுக் கணக்கும் நீண்ட காலமாக அவ்வாறே சொல்லி வந்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து வருவாய்த் துறையினர் வரி தராத நிலத்தையெல்லாம் தரிசு என எழுதினர். 2000 ஆம் ஆண்டு முதல் வெளியிடப்பட்டு வரும் இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புல்வெளிகள் பலவும் தரிசு என்ற தலைப்பின் கீழேயே அடங்கியுள்ளன. நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு பட்ட பாடும் இதுதான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

புல்லின் வளர்நுனி தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. ஆகையால் ஆடு மேலே கடித்தாலும் அது மீண்டும் துளிர்க்கும். கடித்த பின் சில வாரங்கள் ஓய்வு கிடைத்தால் வேர் பலப்படும், தூர் பெருகும். ஓய்வின்றி மேய்த்துக்கொண்டே இருந்தால் வேரில் சேமித்த உணவு தீர்ந்து புல் சாகும். அவ்விடத்தில் ஆடு தொடாத முட்செடிகள் வந்து சேரும். எனவே புல்வெளிக்கு மேய்ச்சல் பகையன்று. ஓய்வில்லாத மேய்ச்சலே பகை.

ஓநாயை அறிவோம்

ஓநாய் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்திய ஓநாய் ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ளது. மங்கிய பழுப்பு நிறமும் நீண்ட கால்களும் கொண்டது. குள்ளநரி இதில் பாதி எடையே இருக்கும். செந்நாய் காட்டில் வாழ்வது; அதன் நிறம் செம்பழுப்பு. நம் கிராமங்களில் இவை மூன்றையும், சில சமயம் ஊர் நாயையும்கூட, ஓநாய் என்று சொல்லிவிடுகிறோம்.

இந்திய ஓநாய் அடர்ந்த காட்டை நாடுவதில்லை. திறந்த புல்வெளி, புதர்க்காடு, அறுவடையான புஞ்சை ஆகியவையே அதன் இருப்பிடம். ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகச் சிறு குடும்பமாக வாழும். குளிர்காலத்தில் ஓடைக்கரையிலோ மேட்டுச் சரிவிலோ வளை தோண்டிக் குட்டி ஈனும். மான், முயல், எலி முதலியவற்றையும், செம்மறி, வெள்ளாடுகளையும் தின்னும். செத்த கால்நடைகளையும் விடாது.

உலகிலுள்ள ஓநாய் வகைகளுள் இந்திய ஓநாய் மிகப் பழமையான கிளைகளுள் ஒன்று என்பதை 2021 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இதன் எண்ணிக்கை நாடு முழுவதற்கும் சுமார் 3,000 தான் என 2022 இல் மதிப்பிடப்பட்டது. நாட்டில் புலிகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய இதே அளவுதான். புலிக்கு அரசின் தனித் திட்டமும் காப்பகங்களும் உண்டு. ஓநாயோ பெரும்பாலும் நம் புஞ்சைகளுக்கும் மேய்ச்சல் தரைகளுக்கும் இடையில், சரணாலயங்களுக்கு வெளியிலேயே வாழ்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஓநாயைக் கொல்வோருக்குப் பரிசுப் பணம் கொடுக்கப்பட்டது. 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் சுமார் 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது வரலாற்று ஆய்வாளர் மகேஷ் ரங்கராஜனின் கணக்கு. அத்தனையும் தாங்கிப் பிழைத்த விலங்கு இன்று குறைந்து வருவதற்குக் காரணம் என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

தங்கர் மேய்ப்பர்களும் கிடை எருவும்

மராட்டியத்தில் ஆடு மேய்ப்பதைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் தங்கர் எனப்படுவர். கர்நாடகத்தில் அதே தொழிலைச் செய்வோர் குருபர். இவர்கள் வளர்ப்பது தக்காணி என்னும் செம்மறி இனம். முரட்டு ரோமம் கொண்ட இவ்வாடு வறட்சியைத் தாங்கும், நெடுந்தூரம் நடக்கும், ஆனால் ஓயாத மழையையும் ஈரத்தையும் தாங்காது.

ஆகவே மழைக்காலத்தில் இவர்கள் பீடபூமியின் வறண்ட பகுதியில் தங்குகிறார்கள். தீபாவளியை ஒட்டிய நாட்களில் புல் காயத் தொடங்கியதும் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். குதிரை மீது பாத்திரம் பண்டங்கள், கோழி, குட்டி ஆடுகள், பின்னால் மந்தை, கூடவே நாய்கள். பலர் மலையைக் கடந்து கொங்கணக் கரையோரத்தில் நெல் அறுத்த வயல்களுக்குச் செல்வர். அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்புவர்.

செல்லும் வழியெங்கும் உழவர் நிலத்தில் கிடை போடுகிறார்கள். அதற்குத் தானியமோ பணமோ கூலியாகக் கிடைக்கிறது. இதன் பயனை உழவியல் கணக்கில் பார்ப்போம். சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து 0.5 சதவீதம். ஆட்டு எருவிலோ தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1 சதவீதம், சாம்பல்சத்து 2 சதவீதம் உள்ளன. அதாவது ஒரு டன் தொழு உரம் 5 கிலோ தழைச்சத்தைத் தந்தால், ஒரு டன் ஆட்டு எரு 30 கிலோ தருகிறது. இது ஏறத்தாழ ஒன்றரை மூட்டை யூரியாவிலுள்ள தழைச்சத்துக்குச் சமம். ஆனால் மெல்ல மெல்லப் பயிருக்குக் கிடைக்கும். கொட்டிலில் ஆட்டின் சிறுநீர் வீணாகிறது. கிடை போட்டால் அதுவும் மண்ணில் இறங்குகிறது. மறுநாளே மேலாக உழுது புழுக்கையை மண்ணோடு கலந்துவிட்டால் சத்து வெயிலில் வீணாகாது.

இவ்வளவு எருவும் எங்கிருந்து வருகிறது? பகலில் ஆடு மேய்ந்த புல்லிலிருந்துதான். மேய்ச்சல் தரையிலுள்ள சத்தை வயிற்றில் சுமந்து வந்து இரவில் உங்கள் வயலில் இறக்கிவிட்டுப் போகும் வண்டிதான் ஆடு. மேய்ச்சல் தரை அழிந்தால் ஆடு குறையும். ஆடு குறைந்தால் கிடை எரு நின்றுபோகும்.

ஓநாயின் பங்கு என்ன?

இந்தச் சங்கிலியில் ஓநாய்க்கு என்ன வேலை? முதலாவது, அது புல்வெளியின் தலைமை வேட்டை விலங்கு. குஜராத் மாநிலம் பாவ்நகர் மாவட்டத்தில் வேளாவதர் என்ற புல்வெளி உள்ளது. சுமார் 34 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இவ்விடம் 1976 இல் வெளிமான்களுக்காகத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்குள்ள ஓநாய்களின் உணவில் பெரும்பங்கு வெளிமானே என்பதை விஞ்ஞானி ஜாலா 1993 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மானும் முயலும் புல்லையும் பயிரையும் மேய்பவை. அவற்றை உண்டு வாழும் விலங்கு மறைமுகமாகப் புல்லையும் பயிரையும் காக்கிறது.

இரண்டாவது, ஓநாய் ஓடிப் பிடிக்கும் விலங்கு. ஆகவே நோயுற்றதும், கிழடும், கூட்டத்தை விட்டுப் பின்தங்கியதும் அதற்கு எளிதில் அகப்படும். செத்ததையும் தின்று தரையைத் துப்புரவாக்குகிறது.

மூன்றாவது, ஓநாய் உலவும் இடத்தில் மேய்ப்பர் மந்தையைத் தனியே விட்டுவிட்டு நிழல் தேடிப் போக முடியாது. மந்தை கூட்டமாகவே மேயும். ஆள் உடன் இருப்பார். இருட்டுமுன் எண்ணி அடைப்பார். ஆளில்லாமல் ஆடுகளை ஒரே இடத்தில் நாளெல்லாம் அவிழ்த்து விடுவதே புல்லை மொட்டையடிப்பது. எனவே ஓநாயின் அச்சம் மேய்ப்பரின் கட்டுப்பாட்டுக்கும் துணை செய்கிறது எனலாம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. ஓநாய் இருந்தால் காட்டுப்பன்றித் தொல்லை தீர்ந்துவிடும், புல் தானே செழித்துவிடும் என்று நான் கூறவில்லை. தக்காணத்தின் பல பகுதிகளில் வெளிமான் குறைந்துவிட்டது. அங்கெல்லாம் ஓநாய் பெரும்பாலும் ஆட்டை நம்பியே வாழ்கிறது. அதாவது இந்த விலங்குக்குச் சோறு போடுபவர் அரசு அல்லர். சொந்த நிலம்கூட இல்லாத மேய்ப்பரே.

இழப்பு யார் தலையில்?

ஐம்பது ஆடு வைத்திருப்பவருக்கு ஓர் ஆடு போனால் நூற்றில் இரண்டு போயிற்று. சினை ஆடானால் அடுத்த ஆண்டு வருமானமும் போயிற்று. வனத்துறை இழப்பீடு உண்டு என்றாலும், இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என நடந்துகொண்டேயிருக்கும் மேய்ப்பர், செத்த ஆட்டைக் காட்டிச் சான்று வாங்கக் காத்திருப்பது எளிதன்று.

இந்நிலையிலும், மந்தையில் ஓநாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லும் மேய்ப்பர்கள் தக்காணத்தில் இருக்கிறார்கள். மழையும் வறட்சியும் போல அதையும் தொழிலின் ஒரு பகுதியாக அவர்கள் ஏற்கிறார்கள். எல்லாரும் அப்படியல்லர். வளையில் புகை போட்டுக் குட்டிகளைக் கொன்றவர்களும் உண்டு. பொறுத்துக்கொள்பவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஆத்திரப்பட்டவரைப் பாவியாக்கவும் வேண்டாம். இருவரும் ஒரே இழப்பைச் சுமப்பவர்கள்.

மனிதருக்கு ஆபத்து உண்டா என்றும் கேட்பீர்கள். 1996 இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஓநாய்க்குப் பலியாயினர். 2024 இல் அதே மாநிலத்தின் பஹ்ரைச் மாவட்டத்திலும் குழந்தைகள் இறந்தனர். இத்தகைய நிகழ்ச்சிகள் அரிது என்றாலும் மறைக்கத் தக்கவை அல்ல. ஓநாய் உலவும் பகுதியில் சிறு குழந்தைகளைத் திறந்த வெளியில் தனியே உறங்க விடக் கூடாது.

உண்மையான பகை

பரிசுப் பணத்துக்கும் துப்பாக்கிக்கும் தப்பிய ஓநாய் இன்று குறைவதற்கு முக்கியக் காரணம் நிலம் போனதே. புல்வெளியில் கிணறு வெட்டிக் கரும்பு வந்தது; கல் குவாரி வந்தது; தொழிற்பேட்டையும் சூரிய மின் நிலையமும் வந்தன. காடு வளர்ப்பு என்ற நல்ல நோக்கத்தோடு புல்வெளியில் மரம் நட்டதும் கேடாயிற்று. நிழல் விழுந்த இடத்தில் புல் தேய்ந்தது. வெளிமானும் ஆடும் ஒதுங்கின. சீமைக்கருவேலம் செய்த வேலையை நம் மாவட்டங்களில் நாமே பார்த்திருக்கிறோம்.

அடுத்த பகை ஊர் நாய். உரிமையாளரின்றித் திரியும் நாய்கள் வெறிநோயையும் பிற தொற்றுகளையும் ஓநாய்க்குக் கொடுக்கின்றன. ஓநாயோடு இனம் கலக்கவும் செய்கின்றன. புனே அருகே இத்தகைய கலப்பு மரபணு ஆய்வால் உறுதி செய்யப்பட்டுள்ளது. இந்த நாய்கள் ஆட்டையும் விடுவதில்லை. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நீங்கள் அறிந்ததே. அங்கே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் முட்கிளுவை வேலியும் கொண்ட கொரங்காடுகள் உள்ளன. ஓநாய் இல்லாத அந்த மேய்ச்சல் நிலத்தில், ஆட்டைக் கொல்ல நாய் வந்து நிற்கிறது. ஓநாயை ஒழித்தால் ஆட்டுக்குப் பகை ஒழிந்துவிடும் என்று எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஓநாயும் மேய்ப்பரும் நம்பியிருப்பது ஒரே நிலத்தை. அந்நிலம் போனால் இருவரும் போவர். நம் வயலுக்கு வர வேண்டிய எருவும் அவர்களோடு போகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கணக்கு எழுதுங்கள். ஒரு நோட்டில் ஆண்டு முழுவதும் இறந்த ஆடுகளைக் காரணத்தோடு குறித்து வாருங்கள்: நோய், குட்டி இறப்பு, நாய், திருட்டு, வாகனம், காட்டு விலங்கு. எதனால் அதிக இழப்பு என்பது அப்போதுதான் தெரியும். செலவும் கவனமும் முதலில் அங்கே செல்ல வேண்டும்.

2. தடுப்பூசி போடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் பருவத்தில் தவறாமல் போட வேண்டும். நோயால் தளர்ந்த ஆடே பின்தங்கும். பின்தங்கியதே வேட்டை விலங்குக்கு இரையாகும்.

3. இருட்டுமுன் ஆடுகளை எண்ணி அடையுங்கள். சினை ஆடு, நொண்டி, இளங்குட்டி ஆகியவற்றைப் பட்டியின் நடுவில் தனி அடைப்பில் வையுங்கள். வலைப்பட்டியின் வெளிப்புறம் முள் அடைத்து, அடிப்பக்கம் இடைவெளியில்லாமல் பாருங்கள். இரவில் ஓர் ஆளும் விளக்கும் தேவை.

4. காவல் நாயைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்த்துப் பழக்குங்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். வேண்டாத குட்டிகளை ஊருக்கு வெளியே விட்டுவிடுவது, பிறருடைய பட்டிக்குப் பகையை அனுப்புவதாகும்.

5. செத்த ஆட்டையும் இறைச்சிக் கழிவையும் வெளியில் எறியாதீர்கள். இறைச்சியின் சுவை கண்ட நாய்க்கூட்டம் அடுத்துப் பட்டிக்கு வரும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். திடீரென இறந்த ஆட்டை அறுக்காமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

6. விலங்கு கடித்து இறந்த ஆட்டை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து, கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் உடனே தெரிவியுங்கள். பல ஆடுகள் தொடையிலும் பின்பக்கத்திலும் கடியுண்டு, தின்னப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் அது நாயின் வேலை. ஓநாய் பொதுவாக ஓர் ஆட்டைக் கழுத்தில் கவ்வி இழுத்துச் சென்றுவிடும்.

7. நஞ்சு வைக்காதீர்கள். நஞ்சு ஓநாயோடு நிற்காது. காவல் நாயையும் கழுகையும் கொல்லும். 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இடம்பெற்றுள்ளது. அதைக் கொல்வது கடும் குற்றம்.

8. மேய்ச்சல் தரைக்கு ஓய்வு கொடுங்கள். நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் ஒவ்வொரு பகுதியும் துளிர்க்க நாள் கிடைக்கும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மீண்டும் தழையும். வேர்க்கட்டையோடு அகற்ற வேண்டும். அவ்விடத்தில் எக்டருக்கு 6 முதல் 8 கிலோ கொழுக்கட்டைப்புல் விதையை மழைக்கு முன் தூவலாம். அறுவடையாகி ஆறேழு மாதங்கள் கழிந்த விதையே நன்கு முளைக்கும்.

9. மேய்ச்சல் புறம்போக்கைக் காப்பாற்றுங்கள். கிராம சபையில் அதன் சர்வே எண்ணையும் பரப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு பயனுக்கு மாற்றும் தீர்மானம் வந்தால், எத்தனை குடும்பங்களின் ஆடுகள் அங்கே மேய்கின்றன என்ற கணக்கைச் சபையின் முன் வையுங்கள்.

10. கிடைக்கு வரும் கீதாரிக்கு உரிய கூலியைக் காலத்தில் கொடுங்கள். தங்க இடமும் குடிக்கத் தண்ணீரும் காட்டுங்கள். அவருடைய ஆடு நம் வயலில் தங்கும் இரவுகளில், அதைக் காப்பதில் நமக்கும் பொறுப்பு உண்டு.

உழவர் பெருமக்களே! ஓநாயை நேசியுங்கள் என்று யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. ஆட்டை இழப்பவரின் வேதனை உண்மையானது. அதற்கு உரிய ஈடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். ஆனால் புல் இருக்கும் இடத்தில்தான் ஆடு இருக்கும். ஆடும் மானும் திரியும் திறந்த வெளி எஞ்சியிருக்கும் இடத்தில்தான் ஓநாய் இருக்கும். ஓநாயின் ஊளை இன்னும் கேட்கும் ஊரில், மேய்ச்சல் நிலம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். அந்நிலத்தைக் காத்து, பட்டியைப் பலப்படுத்தி, ஆட்டுச் செல்வத்தையும் மண்வளத்தையும் பெருக்கிப் பயன் பெறுவீர்களாக.